முதலாளி இல்லாத கழகமும் ஊரார் பெற்ற பிள்ளைகளும்



இந்தப் பத்தியில் சீனி விலை, டொலர் விலை, வங்கிக் கடன், திரும்பி வரும் காசோலை என்று எத்தனையோ விடயங்களை எழுதியிருக்கிறேன். இம்முறை ஒரு விளையாட்டு அணியின் வரலாற்றை எழுதப் போகிறேன். அதுவும் நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில்கூட முழுமையாகப் பார்த்திராத ஐஸ் ஹொக்கி அணி. வியாபாரப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வாசித்து முடித்த பின்னர் நீங்களே சொல்லுங்கள்.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனடாவில் உள்ள எனது மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் வசிப்பது ரெஜைனா நகரில். சஸ்காட்சுவான் மாகாணத்தின் தலைநகர் அது. குளிருக்குப் பயந்து நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைப் பார்த்த மருமகன், "மாமா, இப்படியே இருந்தால் உங்களுக்கு அலுத்துப் போய்விடும். வாருங்கள், ஒரு மெச் பார்த்துவிட்டு வருவோம்" என்று என்னை வாகனத்தில் ஏற்றினார்.

மேற்கே ஏறத்தாழ 245 கிலோமீற்றர் பயணம். இருபுறமும் கோதுமை வயல்கள். எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் சுவிஃப்ட் கரன்ட். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 16,750 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் விளையாட்டரங்கிலோ ஏறத்தாழ 3,000 பேர் அமரலாம். அரங்கு நிரம்பினால் ஊரில் ஆறில் ஒரு பங்கினர் அதற்குள் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் டிக்கட் பார்த்தவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். சம்பளத்துக்கு அல்ல, தொண்டாக நிற்பவர்கள் என்றார் மருமகன். வியாபாரி எங்கே போனாலும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்.

"இந்த டீமுக்கு முதலாளி யார்?"

"முதலாளி என்று ஒருவரும் இல்லை மாமா. ஊர்தான் முதலாளி."

அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு விளையாட்டில் மனம் செல்லவில்லை. முதலாளி இல்லாத வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதிலேயே மனம் நின்றது. வீடு திரும்பிய பின்னர் அந்த அணியைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் அறிந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

வியாபாரம் நடக்கும் விதம்

அணியின் பெயர் சுவிஃப்ட் கரன்ட் புரொங்கோஸ். இது இளையோர் ஹொக்கி அணி. 16 முதல் 20 வயது வரையான இளைஞர்களே இதில் விளையாடுகிறார்கள். கனடாவில் இத்தகைய உயர்தர இளையோர் லீக்குகள் மூன்று உள்ளன. அவற்றுள் மேற்குப் பகுதிக்குரியது மேற்கு ஹொக்கி லீக். இதில் 20க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அமெரிக்காவின் வடமேற்கு மூலையைச் சேர்ந்த அணிகளும் இதில் சேர்ந்துள்ளன. இங்கே திறமை காட்டுபவர்கள் கோடிக்கணக்கில் பணம் புரளும் தேசிய ஹொக்கி லீக்குக்கு எடுக்கப்படுவார்கள். ஆனால் அப்படிப் போய்ச் சேருபவர்கள் மிகச் சிலரே.

விளையாடும் பிள்ளைகளுக்குப் பெரிய சம்பளம் கிடையாது. கைச்செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஒரு பருவம் விளையாடினால் ஒரு வருடப் பல்கலைக்கழகப் படிப்புக்கான உதவித்தொகை கிடைக்கும். பெரும்பாலான பிள்ளைகள் தமது சொந்த ஊரை விட்டு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து, அந்த ஊர்க் குடும்பமொன்றின் வீட்டில் தங்குகிறார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான். பாடசாலைக்குப் போவதும் அங்கிருந்துதான்.

பருவமொன்றில் 68 போட்டிகள். அவற்றில் பாதி, அதாவது 34 மட்டுமே சொந்த அரங்கில் நடக்கும். அந்த 34 நாட்களில்தான் அணி பணம் பார்க்க முடியும். பருவ டிக்கட், வாசல் டிக்கட், அரங்கைச் சுற்றிய விளம்பரப் பலகைகள், ஊர் வர்த்தகர்களின் அனுசரணை, சிற்றுண்டி விற்பனை ஆகியவையே வருமானம். நமக்குப் பொருந்தாத சில வருமானங்களும் அவற்றுள் உண்டு. மீதி 34 போட்டிகளும் செலவு. பஸ், எரிபொருள், ஹோட்டல், சாப்பாடு. கடை திறக்கும் நாளுக்குச் சமமாகக் கடை மூடும் நாளும் உள்ள வியாபாரம் இது.

பெரும்பாலான அணிகளுக்குத் தனி உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த லீக்கில் சுவிஃப்ட் கரன்ட், மூஸ் ஜோ, பிரின்ஸ் அல்பர்ட், லெத்பிரிட்ஜ் ஆகிய நான்கு ஊர்களின் அணிகளும் சமூகத்துக்குச் சொந்தமானவை. பணிப்பாளர் சபை ஒன்று இருக்கும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும். இலாபம் வந்தால் அது யாருடைய சட்டைப் பைக்கும் போகாது, அணிக்குள்ளேயே இருக்கும். நட்டம் வந்தால் ஊரே கவலைப்படும். இந்த நான்கும் சிறிய ஊர்களின் அணிகள் என்று இளக்காரமாக எண்ண வேண்டாம். 2018இல் சுவிஃப்ட் கரன்ட், 2019இல் பிரின்ஸ் அல்பர்ட், 2024இல் மூஸ் ஜோ என்று லீக்கின் கிண்ணத்தை வென்றவை இவை.

போன அணி திரும்பி வந்தது

புரொங்கோஸ் அணி 1967ஆம் ஆண்டு சுவிஃப்ட் கரன்டில் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற பிரையன் ட்ரொட்டியே என்ற வீரர் சிறுவனாக இங்கே விளையாடியவர்தான். ஆனால் சிறிய ஊர், சிறிய சந்தை. 1974இல் அணி அல்பேர்ட்டா மாகாணத்தில் உள்ள லெத்பிரிட்ஜ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. கடை மூடப்படவில்லை, இடம் மாறியது. ஊரவர்களுக்கோ அது மூடப்பட்டதற்குச் சமம்.

12 வருடங்கள் கழிந்தன. 1986இல் லெத்பிரிட்ஜில் இருந்த அணி விற்பனைக்கு வந்தபோது சுவிஃப்ட் கரன்ட் ஊரவர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டி அதனை வாங்கித் திரும்பவும் தமது ஊருக்கே கொண்டு வந்தார்கள். ஒரு பெரிய தனவந்தர் வந்து காப்பாற்றுவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இனி இந்த அணியை எவரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்ற நிம்மதி அவர்களுக்கு ஏற்பட்டிருக்கும்.

அந்த நிம்மதி நீண்ட காலம் நீடிக்கவில்லை.

1986 டிசம்பர் 30

1986 டிசம்பர் 30ஆம் திகதி, ரெஜைனா அணியுடன் விளையாடுவதற்காக புரொங்கோஸ் பிள்ளைகள் பஸ்ஸில் புறப்பட்டார்கள். ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே வீதியில் படிந்திருந்த மெல்லிய பனிப்படலத்தில் பஸ் வழுக்கியது. சாரதியின் கட்டுப்பாட்டை மீறி வீதியை விட்டுப் பாய்ந்து சரிந்து விழுந்தது. பஸ்ஸின் பின்பகுதியில் அமர்ந்து கடதாசி விளையாடிக்கொண்டிருந்த நால்வர் உயிரிழந்தனர். டிரென்ட் கிரெஸ் என்பவருக்கு வயது 20. ஸ்கொட் குரூகருக்கும் கிறிஸ் மன்டிக்காவுக்கும் 19. பிரென்ட் ரஃப் என்பவருக்கு 16 வயதுதான்.

திரும்பி வந்து ஒரு பருவத்தின் பாதிகூட முடியாத அணி. புதிதாகப் பணம் போட்ட ஊர். கலைத்து விடுவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சில நாட்களிலேயே அணி மீண்டும் ஆடத் தொடங்கியது. நான்கு இலைகள் கொண்ட ஒரு சின்னத்தில் இறந்த நால்வரின் இலக்கங்களான 8, 9, 11, 22 ஆகியவற்றைப் பொறித்து அதனைச் சட்டையில் அணிந்து விளையாடினார்கள். லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான விருதுக்கும் அந்த நால்வரின் நினைவாகவே பெயர் சூட்டப்பட்டது. அந்த பஸ்ஸில் இருந்து உயிர் தப்பிய ஜோ சாக்கிக் என்பவர் 1988இல் அவ்விருதைப் பெற்றார். பின்னர் கொலராடோ அணியின் தலைவராக 1996லும் 2001லும் ஸ்டான்லி கிண்ணத்தைக் கையில் ஏந்தியவர் அவர்தான்.

விபத்து நடந்து இரண்டரை வருடங்களுக்குள் அதிசயம் நடந்தது. 1988-89 பருவத்தில் 72 போட்டிகளில் 55 வெற்றி. அதன் பின்னர் லீக் கிண்ணத்துக்கான இறுதிக் கட்டத்தில் விளையாடிய 12 போட்டிகளிலும் தொடர் வெற்றி. 1989 மே மாதம் கனடா முழுவதற்குமான மெமோரியல் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் சஸ்கட்டூன் அணியை அவர்களது சொந்த மண்ணிலேயே, மேலதிக நேரத்தில் 4-3 என்று வென்றார்கள். இறந்துபோன ஸ்கொட் குரூகரின் சகோதரர்கள் இருவரும் அந்த வெற்றி அணியில் இருந்தார்கள். உடைந்துபோன ஒரு சிற்றூர் எழுந்து நின்று நாட்டையே வென்றது என்று கனடா முழுவதும் பேசினார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தன்னம்பிக்கைக் கட்டுரைகள் நம் பத்திரிகைகளில் தாராளமாக வருகின்றன.

கிண்ணத்துக்குப் பின்னால்

அணியின் பயிற்றுவிப்பாளர் கிரஹம் ஜேம்ஸ் என்பவர். பயிற்றுவிப்பாளர் மட்டுமல்ல, பொது முகாமையாளரும் அவரே. யாரை அணிக்கு எடுப்பது, யாரை மாற்றுவது, யாரை விளையாட விடுவது என்ற அத்தனை அதிகாரமும் அந்த ஒரு கையில் இருந்தது. கிண்ணத்தை வென்ற 1989ஆம் ஆண்டில் ஹொக்கி உலகின் முன்னணிச் சஞ்சிகையொன்று அவரை அவ்வாண்டின் சிறந்த மனிதராகத் தெரிவு செய்தது.

1996இல் ஷெல்டன் கென்னடி என்ற வீரர் பொலிஸாரிடம் சென்றார. 1986 விபத்தில் தப்பியவர். 1989இல் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தவர். சிறுவனாக இருந்த காலம் முதல் பல வருடங்களாக அந்தப் பயிற்றுவிப்பாளர் தன்னைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தியதை அவர் வெளியிட்டார். 1997 ஜனவரியில் கிரஹம் ஜேம்ஸ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றரை வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் வேறு வீரர்களும் முன்வந்தார்கள். மேலும் குற்றங்களை ஒப்புக்கொண்ட அவர் 2012இலும் 2015இலும் மீண்டும் தண்டனை பெற்றார்.

சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஊர் முழுவதும் உரிமையாளர். பணிப்பாளர் சபை இருந்தது. வருடா வருடம் கணக்கு வாசிக்கப்பட்டது. அரங்கு நிரம்பியது. கிண்ணம் வந்தது. விபத்தில் தப்பிய அந்தப் பிள்ளைகளுக்கு மன ஆறுதல் தரக்கூடிய முறையான நிபுணர் உதவிகூட அப்போது கிடைக்கவில்லை என்று அவர்களில் சிலர் பிற்காலத்தில் கூறினார்கள். யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்குத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. வரவும் செலவும் சரியாக எழுதப்பட்ட கணக்குப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளின் நிலைமைக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

என் கடையில் நடந்தது

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் ஒதுங்கிப் போக மனம் இடம் தரவில்லை.

நான் 15 வயதில் ஊரில் இருந்து கொழும்புக்குக் கடை வேலைக்கு வந்தவன். கடைக்கு மேலே இருந்த அறையில் ஆறு பேர் படுப்போம். முதலாளி நல்ல மனிதர். ஒவ்வொரு நாள் மாலையிலும் வருவார், அன்றைய விற்பனையைப் பார்ப்பார், போவார். கடையை நடத்திய மெனேஜர் எங்களை அடிப்பார். கடை மூடிய பிறகு தன் வீட்டு வேலைக்கும் அனுப்புவார். முதலாளி எங்களிடம் "சாப்பிட்டீர்களா?" என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. விற்பனை நன்றாக இருந்தது. கேட்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

நான் முதலாளியானால் அப்படி இருக்க மாட்டேன் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். முதலாளியும் ஆனேன். எனக்கும் ஒரு திறமையான மெனேஜர் கிடைத்தார். இரண்டு வருடத்தில் விற்பனையை இரட்டிப்பாக்கினார். அந்த இரண்டு வருடத்தில் மூன்று பொடியன்கள் கடையை விட்டுப் போனார்கள். காரணம் கேட்டேனா? இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

நான்காவது பொடியனின் வாப்பா ஒரு நாள் கடைக்கு வந்தார். தேநீர் வரவழைத்தேன். அவர் தொடவில்லை. "ஹாஜியார், நான் என் பிள்ளையை மெனேஜரிடம் ஒப்படைக்கவில்லை. உங்களிடம்தான் ஒப்படைத்தேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்று இரவு பொடியன்களை ஒவ்வொருவராகத் தனியாக அழைத்துப் பேசினேன். சம்பளப் புத்தகத்தில் கையொப்பமிட்ட தொகை ஒன்று, அவர்கள் கையில் கிடைத்த தொகை வேறொன்று. கேட்டால் அடி. மெனேஜரை அனுப்பினேன். போன மூவரில் இருவரைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். மூன்றாமவர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தொகை இன்னும் என் கணக்கில் தனியாக நிற்கிறது.

சுவிஃப்ட் கரன்டில் நடந்த கொடுமை வேறு, என் கடையில் நடந்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் துணியவில்லை. ஆனால் வெற்றி கொடுப்பவனிடம் கேள்வி கேட்கக் கூடாது என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நட்டம் வரும்போது எல்லோரும் கேள்வி கேட்கிறோம். இலாபம் வரும்போது நம் வாய் அடைத்துப் போகிறது.

அதன் பிறகு

வழக்கு முடிந்த பின்னர் கனடாவில் இளையோர் விளையாட்டைப் பார்க்கும் பார்வையே மாறியது. பயிற்றுவிப்பாளர்களின் பின்னணியை விசாரிப்பது, துஷ்பிரயோகத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுப்பது என்பன வழக்கத்துக்கு வந்தன. ஷெல்டன் கென்னடி 1998இல் சக்கரச் சப்பாத்துடன் கனடாவின் குறுக்கே பயணம் செய்து இந்த விடயத்தை ஊர் ஊராகப் பேசினார். 2004இல் இன்னொருவருடன் சேர்ந்து இதற்கான பயிற்சி நிறுவனமொன்றைத் தொடங்கினார். அதன் மூலம் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பயிற்சி பெற்றுள்ளனர்.

புரொங்கோஸ் அணியும் நின்றுவிடவில்லை. 1993இல் ஒரு தடவையும் 2018இல் இன்னொரு தடவையும் லீக் கிண்ணத்தை வென்றது. 2018 வெற்றியில் வியாபாரிகளுக்கு இன்னுமொரு பாடம் உண்டு. அந்த வருடம் வெல்ல வேண்டும் என்பதற்காக எதிர்காலத்துக்குரிய இளம் வீரர்களையும் புதியவர்களைத் தெரிவு செய்யும் உரிமைகளையும் கொடுத்து, முதிர்ந்த வீரர்களை மற்ற அணிகளிடம் இருந்து பெற்றார்கள். கிண்ணம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் 68 போட்டிகளில் வென்றது 11 மட்டுமே. நாளைய சரக்கை இன்றே விற்றால் நாளை கடை வெறுமையாகத்தான் இருக்கும். ஆயினும் அந்த ஊர் அணியைக் கைவிடவில்லை. தனி முதலாளியாக இருந்தால் அடுத்த நகரத்துக்கு விலை பேசியிருக்கலாம்.

அதே 2018இல், ஏப்ரல் 6ஆம் திகதி, அதே மாகாணத்தில் ஹம்போல்ட் என்ற சிற்றூரின் இளையோர் அணி சென்ற பஸ் லொறியுடன் மோதியது. 16 பேர் இறந்தனர், 13 பேர் காயமடைந்தனர். அந்த அணியின் பெயரும் புரொங்கோஸ்தான். 1986 விபத்தில் தப்பியவர்களில் சிலர், ஷெல்டன் கென்னடி உட்பட, உடனே அங்கே போய்க் காயமடைந்த பிள்ளைகளையும் குடும்பங்களையும் சந்தித்தார்கள். தமக்குக் கிடைக்காத ஆறுதலை அவர்கள் இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இப்போது புதிய சவால் ஒன்று வந்திருக்கிறது. இந்த லீக்கில் விளையாடியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் விளையாட முடியாது என்று நீண்ட காலமாக இருந்த தடை 2024 நவம்பரில் நீக்கப்பட்டு, 2025 ஓகஸ்ட் முதல் வழி திறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் வளர்த்தெடுத்த திறமையான வீரர் முன்பைவிட விரைவில் பெரிய பணம் உள்ள இடத்துக்குப் போகக்கூடும். சிறிய ஊர்கள் இதற்கு எப்படி முகம் கொடுக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன?

நம் ஊர்களிலும் முதலாளி இல்லாத நிறுவனங்கள் எத்தனையோ உண்டு. வர்த்தகர் சங்கம், கூட்டுறவுக் கடை, விளையாட்டுக் கழகம், நலன்புரிச் சங்கம், நிர்வாக சபையால் நடத்தப்படும் பாடசாலை, விடுதி. பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கடைகளும் உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றில் நீங்கள் அங்கத்தவராகவோ பொருளாளராகவோ இருப்பீர்கள். என் அனுபவத்தில் இருந்தும் இந்த அணியின் கதையில் இருந்தும் நான் எழுதி வைத்திருப்பவை நான்கே நான்கு.

முதலாவது, எல்லோருக்கும் சொந்தமானது என்றால் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடும். எனவே கேள்வி கேட்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். அவர் நிர்வாகியின் நண்பராக இருக்கக் கூடாது.

இரண்டாவது, ஆட்களை எடுப்பதும் விலக்குவதும், பணத்தைக் கையாள்வதும், முறைப்பாட்டைக் கேட்பதும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம். அந்த ஆள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். முறைப்பாடு செய்ய வேண்டியவரிடமே முறைப்பாட்டைச் சொல்லச் சொன்னால் பிள்ளை யாரிடம் போவான்?

மூன்றாவது, உங்களிடம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து தங்கியிருக்கும் ஊரார் பிள்ளைகளிடம் மாதத்தில் ஒரு தடவையாவது நேரடியாக, தனியாகப் பேசுங்கள். இடையில் ஆள் வேண்டாம். ஒரு பிள்ளை திடீரென்று போய்விட்டால் அதற்கான காரணத்தைத் தேடிப் போய்க் கேளுங்கள். போகும் பிள்ளை பொய்க் காரணம் சொல்லக்கூடும். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

நான்காவது, நல்ல இலாபம் வந்த வருடத்தில்தான் கணக்கை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். நட்டம் தானாகவே கத்திச் சொல்லிவிடும். இலாபம் எதையும் சொல்லாது.

திரும்பி வரும் வழியில் மருமகன் நகரத்துக்கு வெளியே வீதியோரமாக வாகனத்தை நிறுத்தினார். 1986இல் பஸ் விழுந்த இடம் அது. நான்கு இலை வடிவிலான நினைவுச் சின்னமொன்று அங்கே இருக்கிறது. விபத்து நடந்து சரியாக 30 வருடங்கள் நிறைவடைந்த 2016 டிசம்பர் 30ஆம் திகதி அது திறந்து வைக்கப்பட்டது.

குளிர் தாங்க முடியவில்லை. அதிக நேரம் நிற்கவும் முடியவில்லை. அந்த நான்கு பிள்ளைகளுக்கு அங்கே பெயர் இருக்கிறது. பஸ்ஸில் இருந்து உயிரோடு இறங்கி, வெளியில் சொல்ல முடியாததை மனதில் சுமந்துகொண்டு கிண்ணத்தையும் வென்று கொடுத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினேன்.

ரெஜைனா வந்து சேர்ந்ததும் நேரத்தைப் பார்த்தேன். இலங்கையில் கடை திறக்கும் நேரமாகியிருந்தது. கடைக்கு அழைப்பெடுத்தேன். வழக்கமாக மெனேஜரிடம்தான் பேசுவேன். அன்று, கடையில் ஆகச் சின்னப் பொடியனிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன்.